அளவுநாடா இல்லாத தையல்

காரின் முன்னிருக்கையில் உட்கார்ந்து, கதவுப் பக்கமாகச் சாய்மானத்தின் ஓரத்தைத் தடவிப் பார்த்தால் ஒரு தையல் விரலில் படும். பக்கவாட்டுக் காற்றுப்பை இருக்கைக்குள் வைக்கப்பட்ட கார்களில் அந்தத் தையல் மற்றவற்றைப் போன்றதில்லை. மோதல் நேரும் கணத்தில் அது கிழிந்து காற்றுப்பைக்கு வழிவிட வேண்டும். மற்ற நாளெல்லாம், வருடக்கணக்கில் ஆட்கள் ஏறி இறங்கினாலும், பிரியாமல் நிற்க வேண்டும். அதனால் அதற்கென்று தனி நூல், தனி இயந்திரம். ஒரு சென்டிமீட்டருக்கு இத்தனை தையல், நூலுக்கு இவ்வளவு இழுப்பு என்று இயந்திரமே அளந்து பதிந்துகொள்கிறது. கணக்குத் தவறினால் உறை கழிக்கப்படும். எந்த நேரம், எந்த நூல்கண்டு என்பதுகூடப் பின்னாளில் தேடி எடுக்கும்படி பதிவில் இருக்கும். ஓர் உயிர் அந்தத் தையலை நம்பியிருக்கிறது. அதன் கண்டிப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

காஞ்சிபுரம் மாவட்டத்தின் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரமே இப்படிப்பட்ட கண்டிப்பின் மேல் எழுந்ததுதான். இருங்காட்டுக்கோட்டையில் 1996-ல் ஹூண்டாய் ஆலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 1998-ல் முதல் சான்ட்ரோ வெளியே வந்தது. 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா கைப்பேசி ஆலை ஓடத் தொடங்கி, 2014-ல் நின்றது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ–நிசான். பிறகு வல்லம் வடகால், பிள்ளைப்பாக்கம், மாம்பாக்கம் என்று அரசின் சிப்காட் தொழில் வளாகங்கள் ஏரிகளுக்கும் நெல்வயல்களுக்கும் நடுவே விரிந்தன. மணிக்கு 60 கார் வெளிவரும் லைனில் ஒருவருக்குக் கிடைப்பது 60 நொடி. அதற்குள் அவர் பங்கு முடிய வேண்டும். அடுத்த கார் வந்துவிடும். கைப்பேசி ஆலைகளின் லைன்களில் வேலை செய்கிறவர்களில் பெரும்பாலோர் இருபதைத் தொட்ட இளம்பெண்கள். விழுப்புரம், திருவண்ணாமலை, கடலூர், வேலூர் பக்கக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள். இப்போது வெளிமாநிலங்களிலிருந்தும் வருகிறார்கள்.

இந்தக் கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி இதுதான். பகல் முழுவதும், சில வாரம் இரவு முழுவதும், பிறர் வகுத்த அளவுக்கு இயங்கும் ஒரு கைக்கு, தானே முடிவெடுத்து ஒன்றைச் செய்யும் ஆசை மிச்சம் இருக்குமா? இருந்தால் அது எந்த வடிவில் வெளிவரும்? உலகத்தில் இதற்குக் கிடைத்திருக்கும் தெளிவான பதில்களில் ஒன்று, கந்தல் துணியை இணைத்துத் தைத்த போர்வைகளில் இருக்கிறது. முன்கூட்டி வரையாமல், அளவுநாடா வைக்காமல், கையில் வந்த துண்டைப் பார்த்து அடுத்த துண்டை முடிவுசெய்யும் தையல் அது. கர்நாடக இசையில் மனோதர்மம் என்கிறோமே, அந்தச் சொல்லையே இதற்கும் வைத்துக்கொள்ளலாம்.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், வில்காக்ஸ் மாவட்டத்தில், அலபாமா ஆறு வளைந்து ஓடும் இடத்தில் ஜீஸ் பெண்ட் என்ற ஊர் இருக்கிறது. மூன்று பக்கம் ஆறு. அங்கே இருப்பவர்கள் பருத்தித் தோட்ட அடிமைகளாக இருந்த கறுப்பின மக்களின் வழித்தோன்றல்கள். ஊரில் பலருக்குப் பெட்வே என்ற குடும்பப்பெயர். தோட்டத்து முதலாளியின் பெயர் அது. 1930-களில் அரசு அந்த நிலத்தை வாங்கி, குத்தகை உழவர்களுக்கு வீடு கட்டிக் கொடுத்தது. 1962-ல், கறுப்பின மக்கள் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க அக்கரை போய் வரத் தொடங்கிய நேரத்தில், ஆற்றைக் கடக்கும் படகுப் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. திரும்ப வந்தது 2006-ல்.

அந்த ஊர்ப் பெண்கள் குளிருக்காகத் தைத்தார்கள். சுவர் இடுக்குகளில் செய்தித்தாள் ஒட்டிய வீடுகள்; ஒரு கட்டிலில் பல பிள்ளைகள். காட்டு வேலைக்குப் போட்டு நைந்த கால்சட்டை, சட்டை, மாவு வந்த பை, எல்லாம் துண்டுகளாயின. தைத்துத் தைத்து, ஒவ்வொரு பெண்ணும் தனக்கென ஒரு போக்கைக் கண்டுகொண்டாள். 'கூரைமுகடு' என்று அவர்கள் அழைக்கும் ஓர் அமைப்பு உண்டு. நடுவில் ஒரு சதுரம். அதைச் சுற்றிச் சுற்றிப் பட்டைகளாகத் துணி. விதி அவ்வளவுதான். ஆனால் ஒருத்தியின் பட்டை ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலியும். இன்னொருத்தி நடுச்சதுரத்தையே மூலைக்குத் தள்ளிவிடுவாள். அக்காள் தைத்ததையும் தங்கை தைத்ததையும் ஊரில் உள்ளவர்கள் தொலைவிலிருந்தே பிரித்துச் சொல்வார்கள்.

அந்த ஊரின் மிசௌரி பெட்வே 1942-ல் தைத்த போர்வை இப்போது வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. கணவர் இறந்த பிறகு, அவர் வேலைக்குப் போட்டுத் தேய்த்த உடைகளை எடுத்துத் தைத்தது. அவரை நினைத்து, அதைப் போர்த்திக்கொண்டு படுக்க வேண்டும் என்று அம்மா சொன்னதாக மகள் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். வெளுத்த நீலம், சாம்பல், பழுப்பு. முழங்கால் பட்ட இடம் ஒரு நிறம், பை தைத்திருந்த இடம் வெயில் படாமல் இன்னொரு நிறம். துணியின் வேலைநாட்கள் அப்படியே படிந்திருக்கின்றன. அந்தத் துண்டுகளில் எது எதற்குப் பக்கத்தில் வர வேண்டும் என்பதை முடிவுசெய்த மனத்துக்கு ஓவியம் தெரியாது என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 2002-ல் ஹூஸ்டனிலும் பிறகு நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்திலும் இந்தப் போர்வைகள் சுவரில் தொங்கியபோது, நியூயார்க் டைம்ஸ் கலை விமர்சகர் மைக்கேல் கிம்மல்மன் இவற்றை அமெரிக்க நவீனக் கலையின் பேரற்புதங்களில் சேர்த்து எழுதினார்.

ஒரகடத்திலிருந்து பார்க்கும்போது இந்தக் கதையில் நம்மை நிறுத்தி வைக்கும் பகுதி வேறு. 1966-ல், கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தின் சூட்டில், அந்த வட்டாரத்துப் பெண்கள் ஒரு பாதிரியாரின் துணையோடு 'ஃப்ரீடம் கில்டிங் பீ' என்ற கூட்டுறவை அமைத்தார்கள். போர்வைகள் நியூயார்க்கில் ஏலம் போயின. ப்ளூமிங்டேல்ஸ் போன்ற பெரிய கடைகள் ஆர்டர் கொடுத்தன. ஆர்டர் வந்ததும் அளவு வந்தது. எல்லாப் போர்வையும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், கோடு கோணக்கூடாது, நிறம் மாறக்கூடாது. 1972-ல் சியர்ஸ் நிறுவனம் கார்டுராய் துணியில் தலையணை உறை தைத்துத் தரச் சொல்லி ஒப்பந்தம் போட்டது. அதே அளவு, அதே துணி, ஆயிரக்கணக்கில். ஏறக்குறைய ஓர் ஆலை வேலைதான்.

உறை வெட்டிய பிறகு விழுந்த கார்டுராய்த் துண்டுகள் வீட்டுக்குப் போயின. பொன் மஞ்சள், வெண்ணெய்ப்பழப் பச்சை, செர்ரிச் சிவப்பு, ஆரஞ்சு. அந்த ஆண்டுகளின் நாகரிக நிறங்கள். அதுவரை வெளுத்த வேலைத்துணியில் தைத்துப் பழகிய கைகளில் அந்த நிறங்கள் என்னவாக மாறின என்பதை இன்று அருங்காட்சியகங்களில் பார்க்கலாம். கார்டுராய் தடித்த துணி, எளிதில் வளையாது. ஆகவே துண்டுகள் பெரிதாயின. நீள நீளமான பட்டைகள், ஓரிரண்டு நிறம் மட்டும், நடுவே திடீரென்று ஒரு சிவப்பு. பகலில் சியர்ஸ் கணக்குக்கு வளையாமல் நேராகத் தைத்த கை, இரவில் அதே துணியின் மிச்சத்தில் தன் கோணலைத் தைத்தது. அளவு வேலை செய்யும் கை மரத்துப்போய்விடும், அதற்கு அப்புறம் சொந்தமாக எதுவும் தோன்றாது என்று நாம் நினைத்துக்கொள்வதற்கு எதிரான சாட்சி இது. நான் அறிந்தவரை இதைவிட உறுதியான சாட்சி வேறு இல்லை.

நம் பக்கத்தில் இதற்கு இணையானது வட கன்னட மாவட்டத்தில் இருக்கிறது. எல்லாப்பூர், ஹளியாள், முண்டகோடு காடுகளை ஒட்டி வாழும் சித்திகள், போர்த்துக்கீசியர் கோவா வழியாக அடிமைகளாகக் கொண்டுவந்த ஆப்பிரிக்கர்களின் வழிவந்தவர்கள். இந்துக்கள், முஸ்லிம்கள், கிறித்தவர்கள் என்று மூன்று சமயத்தாரும் அவர்களில் உண்டு. அவர்களின் பெண்கள் தைக்கும் போர்வைக்குக் கவந்தி என்று பெயர். அதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து வெளியுலகுக்குச் சொன்னவர் விஸ்கான்சின் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹென்றி டிரூவல்.

கவந்தி தைக்கும் முறையைக் கவனித்துப் பார்க்க வேண்டும். தரையில் ஒரு பழஞ்சேலையை விரிக்கிறார்கள். அதுதான் அடித்துணி. ஒரு மூலையில் முதல் துண்டை வைத்து, பிசிறு உள்ளே போகும்படி ஓரத்தை மடித்து, அடித்துணியோடு சேர்த்து நூலோட்டம் போடுகிறார்கள். அதன் பக்கத்தில் அடுத்த துண்டு, அதன் ஓரத்தைக் கொஞ்சம் மூடியபடி. இப்படியே விளிம்பைச் சுற்றி வந்து, சுற்றுக்குச் சுற்று உள்ளே நகர்ந்து, கடைசியில் நடுவில் வந்து சேர்கிறார்கள். நூலோட்டம் அடுத்தடுத்த கோடுகளாக ஓடிக்கொண்டே இருப்பதால், தைத்து முடிக்கையில் போர்வை முழுவதும் நீரலை போல ஒரு சுருக்கம் விழுகிறது. பெரிய துண்டுகளின் மேல் பளிச்சென்று சின்னச் சின்னத் துண்டுகள் ஏறும். முஸ்லிம் வீட்டில் ஒரு பிறை, கிறித்தவர் வீட்டில் ஒரு சிலுவை வரலாம். நான்கு மூலையிலும் முக்கோணமாக மடித்த துணியால் பூலா, அதாவது பூ, வைத்தால்தான் போர்வை முடிந்ததாகக் கணக்கு. பூ வைக்காத போர்வை அம்மணமாக இருக்கிறது என்பது அவர்கள் பேச்சு.

இங்கே ஜீஸ் பெண்ட் முறைக்கும் கவந்திக்கும் ஒரு முக்கியமான வேறுபாடு இருக்கிறது. அமெரிக்கப் பெண்கள் முதலில் மேல்துணியை மட்டும் இணைத்துத் தைப்பார்கள். பிறகுதான் உள்ளே பஞ்சு வைத்து, அடித்துணி சேர்த்து, மூன்றையும் கோத்துத் தைப்பார்கள். இடையில் தரையில் விரித்து, தள்ளி நின்று பார்த்து, மாற்றிக்கொள்ள வாய்ப்பு உண்டு. சித்திப் பெண்ணுக்கு அந்த வாய்ப்பு கிடையாது. துண்டை வைப்பதும் போர்வையைத் தைப்பதும் ஒரே செயல். வைத்தது வைத்ததுதான். ஊதாவுக்குப் பக்கத்தில் மஞ்சளை வைத்துவிட்டால், அதைத் தாங்கும்படி அடுத்த துண்டைத் தேட வேண்டும். நடுவில் வந்து சேரும்போது எந்த வடிவத்தில் இடம் மிஞ்சும் என்பது அவளுக்கே முன்கூட்டித் தெரியாது. நிரவல் பாடுகிறவர் எடுத்த சங்கதியை அழித்துவிட்டு மறுபடி தொடங்க முடியாதல்லவா? சபைக்கு முன்னால், பாடியதிலிருந்தே மேலே போக வேண்டும். மனோதர்மத்தின் முழுப் பொருளும் கவந்தியில் இருக்கிறது என்று நான் சொல்வது இதனால்தான். விதி இருக்கிறது, மூலைக்குப் பூ வைத்தே ஆக வேண்டும். அந்த விதிக்குள் ஒவ்வொரு அடியும் அவள் பொறுப்பு.

தமிழ்நாட்டுக்கு வருவோம். கவந்தி போலப் பெயர்பெற்ற ஒட்டுப்போர்வை மரபு காஞ்சிபுரம் வட்டாரத்தில் கிடையாது. ஆனால் பழஞ்சேலையை மடித்துத் தைப்பது கிராமத்து வீடுகளில் தெரியாத வேலை இல்லை. நூல் சேலை இரண்டு மூன்றை ஒன்றின் மேல் ஒன்றாக விரித்து, கரையோடு கரை சேர்த்து, நீள நீளமாக நூலோட்டம் போட்டுவிட்டால் பிள்ளைக்கு விரிப்பு, பெரியவர்களுக்குப் போர்வை. கிழிந்த இடத்தில் வேறு சேலையிலிருந்து ஒரு துண்டு. பிறந்த குழந்தையைப் பழந்துணியில் கிடத்துவதுதான் நம் வழக்கம். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன சேலைதான் தூளிக்கும். ஒரு சேலை தாய்க்குக் கட்டாகவும் மகளுக்குத் தூளியாகவும் பேரப்பிள்ளைக்கு விரிப்பாகவும் இருந்து, கடைசியில் கைப்பிடித் துணியாகி அடுப்படியில் முடியும்.

இந்த வழக்கம் தேய்ந்ததற்குக் காரணம் மனமாற்றம் மட்டும் இல்லை. 1970-களுக்குப் பிறகு அன்றாடக் கட்டுக்கு நைலக்ஸும் பாலியெஸ்டரும் வந்தன. செயற்கை இழைச் சேலை சீக்கிரம் நையாது, நைந்தாலும் மெத்தென்று ஆகாது, வியர்வையை உறிஞ்சாது. தைத்தால் அடுக்குகள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கும். இன்னொரு பக்கம், பழைய துணியை வாங்கிக்கொண்டு எவர்சில்வர் பாத்திரம் கொடுக்கும் வியாபாரி தெருவுக்கு வந்தார். நாலு சேலைக்கு ஒரு தூக்கு என்றால் யார் உட்கார்ந்து தைப்பார்கள்? பட்டுச் சேலையைச் சரிகைக்காக எடைபோட்டு வாங்க இன்னொருவர் வந்தார். விலை மலிந்த போர்வைகள் பானிப்பட்டிலிருந்து வந்து இறங்கின. அந்த ஊரில் வெளிநாட்டுப் பழந்துணிகளைக் கிழித்து நூலாக்கிப் போர்வை நெய்கிறார்கள் என்பது இந்த வரலாற்றில் ஒரு விசித்திரமான திருப்பம்.

மனமாற்றமும் உண்டுதான். ஒட்டுப்போட்ட துணி வறுமையின் அடையாளம் என்று நாம் முடிவுகட்டிவிட்டோம். கந்தையானாலும் கசக்கிக் கட்டச் சொன்ன சமூகம்தான். கந்தையை அழகாகத் தைத்துக் காட்டிய பெண்ணைக் கலைஞர் என்று சொல்ல அதற்கு நா எழவில்லை. இதில் எனக்கு வருத்தம் உண்டு, ஏனென்றால் துணியை இணைக்கும் கலையை வேறு இடங்களில் நாம் தலையில் தூக்கி வைத்திருக்கிறோம். காஞ்சிப் பட்டின் பெருமையே இணைப்பில்தான் இருக்கிறது. உடலும் கரையும் வேறு வேறு நிறமாக, தனித்தனி நாடா ஓடி, ஊடையிழைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும் கோர்வைக்கு இரண்டு பேர் தறியில் உட்கார வேண்டும். தஞ்சாவூர்ப் பக்கத்துத் தேர்களில் தொங்கும் தொம்பையும் தோரணமும் வண்ணத் துணியை வெட்டி இன்னொரு துணியில் ஒட்டுத்தையல் போட்டுச் செய்தவை. சாமிக்கு ஒட்டு ஆகும், மனிதருக்கு ஆகாது என்று எப்படியோ ஆகிவிட்டது.

காஞ்சிக்கு இன்னொரு நினைவும் உண்டு. சீனப் பயணி யுவான் சுவாங் ஏழாம் நூற்றாண்டில் வந்து பார்த்த பௌத்த நகரம் அது. பௌத்தத் துறவியின் ஆடை, வெட்டிய துண்டுகளை இணைத்துத் தைத்ததாக இருக்க வேண்டும் என்பது வினயம் என்னும் துறவொழுக்க நூலின் விதி. மகத நாட்டு நெல்வயல்களையும் வரப்புகளையும் காட்டி, இதுபோல் ஆடை அமைக்க முடியுமா என்று புத்தர் ஆனந்தரிடம் கேட்டதாக அந்த நூல் சொல்கிறது. வெட்டிய துணிக்குச் சந்தையில் விலை இல்லை, திருடர் எடுக்க மாட்டார் என்பது ஒரு காரணம். ஒட்டுத்துணி மதிப்புக் குறைவானது என்ற எண்ணம் அன்றும் இருந்திருக்கிறது. அதைத் தெரிந்துதான் துறவிக்கு அதை உடுத்தினார்கள். இந்த மாவட்டத்துப் பாதைகளில் அந்த ஆடை பல நூற்றாண்டு நடந்திருக்கும்.

பெண்கள் தங்கள் மனத்தில் உள்ளதைப் போர்வையில் சொல்வதற்கு நாட்டில் இன்னும் இரண்டு பெரிய சான்றுகள் உண்டு. வங்காளத்துக் காந்தா பரவலாக அறியப்பட்டது. பழஞ்சேலை அடுக்கில், அதன் கரையிலிருந்தே உருவிய நூலால், மீனும் பல்லக்கும் ரயிலும் தைத்தார்கள். பீகாரின் முசாபர்பூர் மாவட்டத்துச் சுஜனி அவ்வளவு தெரிந்ததில்லை. அங்கே புசுரா கிராமத்தில் 1988-ல், அதிதி என்ற தொண்டு அமைப்பின் விஜி சீனிவாசன் தந்த ஊக்கத்தோடு நிர்மலா தேவியும் மற்றப் பெண்களும் நலிந்துபோன சுஜனியை மீட்டெடுத்தார்கள். வரதட்சிணை, பெண்சிசுக் கொலை, பெண்கள் வாக்களிப்பது, குடிகாரக் கணவன் எல்லாம் துணிக்கு வந்தன. நிர்மலா தேவிக்கு 2025-ல் பத்மஸ்ரீ கிடைத்தது.

நம் மாநிலத்துக்குள்ளே தருமபுரி மாவட்டம் சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு நடுவே சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கில் லம்பாடிப் பெண்களின் 'போர்கை' அமைப்பு இருக்கிறது. லம்பாடி மொழியில் பெருமை என்று பொருள். மருத்துவர் லலிதா ரெஜி முன்னின்று தொடங்கியது. ஊரில் ஓரிரு மூத்த பெண்களுக்கு மட்டுமே நினைவிருந்த தையலை இளையவர்கள் அவர்களிடமே உட்கார்ந்து கற்றுக்கொண்டார்கள். உள்ளூரிலேயே வேலையும் கிடைத்தது. திருப்பூருக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் பஸ் ஏறாமல் இருக்க அது ஒரு வழி.

இந்த முயற்சிகளை மதிக்கிறேன். ஆனால் சந்தைக்கு வந்ததும் நடப்பதைச் சொல்லாமல் விட முடியாது. விற்கத் தொடங்கியதும் வடிவத்தைத் தேர்ந்தெடுப்பவர் வேறு ஒருவராகிறார். நிறங்களை நகரத்து வடிவமைப்பாளர் முடிவுசெய்கிறார், பெண்கள் நிரப்புகிறார்கள். ஃப்ரீடம் கில்டிங் பீ கூட்டுறவிலும் அதுதான் நடந்தது. ஜீஸ் பெண்ட் போர்வைகள் பேர்பெற்ற பிறகு அவற்றின் வடிவங்கள் அஞ்சல்தலையிலும் தரைவிரிப்பிலும் வந்தன. அந்தப் பணத்தில் தங்களுக்கு நியாயமான பங்கு வரவில்லை என்று 2007-ல் மூன்று பெண்கள் வழக்குப் போட்டார்கள். மறு ஆண்டு அது சமரசத்தில் முடிந்தது. அதற்கு எதிர்ப்பக்கமாக நிற்பவர் கலிபோர்னியாவில் செவிலியாக வேலை பார்த்த எஃபி மே ஹோவர்டு. வெல்வெட்டிலும் பாலியெஸ்டரிலும் பிரார்த்தனை செய்வது போலத் தைத்தவர். கண்காட்சிகளில் ரோசி லீ டாம்ப்கின்ஸ் என்ற புனைபெயர் மட்டுமே வர வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். 2006-ல் அவர் இறந்தபோது சேகரிப்பாளர் எலை லியோனிடம் அவர் தைத்தவை நூற்றுக்கணக்கில் இருந்தன. புகழ் வேண்டாம், தைத்தால் போதும் என்று இருந்த ஒருவரை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

இப்போது மறுப்பைக் கேட்போம். பன்னிரண்டு மணி நேரம் வெளியே இருந்துவிட்டு வரும் பெண்ணிடம் போய்ப் போர்வை தை என்று சொல்வது என்ன நியாயம்? அவளுக்கு வேண்டியது தூக்கம். இந்த மறுப்பில் உண்மை இருக்கிறது. வறுமையும் களைப்பும் கலையைப் பிறப்பிக்கின்றன என்று யாரும் பாடம் நடத்த வேண்டாம். ஜீஸ் பெண்ட் பெண்கள் குளிர் தாங்காமல் தைத்தார்கள், வேறு வழி இருந்திருந்தால் சிலர் தைத்திருக்கவே மாட்டார்கள். அந்த ஊரின் லொரெட்டா பெட்வேயே தனக்குத் தையல் பிடிக்காது, தேவைக்காகத் தைத்தேன் என்று சொல்லியிருக்கிறார். அவர் போர்வைகள்தான் அஞ்சல்தலை வரைக்கும் போயின.

ஆகவே முதல் தேவை நேரம். 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு இடமளிக்கும் தொழிற்சாலைச் சட்டத் திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. எதிர்ப்பு எழுந்து மே 1 அன்று அரசு அதைத் திரும்பப் பெற்றது. அந்தத் திருத்தத்தை எதிர்த்தவர்கள் ஊதியத்தையும் உடம்பையும் சொன்னார்கள். அந்த நாலு மணி நேரத்தில் ஒரு பெண் தனக்காகச் செய்யக்கூடியதும் அந்தக் கணக்கில் வர வேண்டியதுதான்.

இரண்டாவது தேவை இடம். போர்வை தைக்கத் தரை வேண்டும், ஒரு சேலையை முழுதாக விரிக்கும் அளவுக்கு. 2021 டிசம்பரில் சுங்குவார்சத்திரம் ஃபாக்ஸ்கான் கைப்பேசி ஆலைப் பெண்கள் தங்கிய விடுதியில் உணவு கெட்டுப்போய்ப் பல பெண்கள் மருத்துவமனைக்குப் போனார்கள். அதைத் தொடர்ந்து அந்த ஆலைப் பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தபோதுதான், அவர்கள் நெருக்கிக்கொண்டு தரையில் படுக்கிறார்கள் என்பது நாட்டுக்குத் தெரிந்தது. அதன் பிறகு நிலைமை மாறத் தொடங்கியது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் சிப்காட் 706.50 கோடி ரூபாயில் 18,720 பெண்கள் தங்கும் விடுதியைத் திறந்தது. 13 அடுக்ககங்கள், அறைக்கு 6 பேர். கட்டில் கிடைத்துவிட்டது. பெரிய முன்னேற்றம், அதில் சந்தேகம் வேண்டாம். அறைக்கு 6 பேர் இருக்கும் இடத்தில் சேலை விரிக்க முடியாது என்பதும் உண்மை.

மூன்றாவது துணி. அதற்கு இந்த வட்டாரத்தில் பஞ்சமே இல்லை. எண்ணெய் துடைக்கத் திருப்பூரிலிருந்து மூட்டை மூட்டையாகப் பனியன் வேஸ்ட் பட்டறைகளுக்கு வருகிறது; கிழிக்காத பருத்தி அதில் எவ்வளவோ கிடைக்கும். ஒவ்வொரு ஊர்த் தையல்கடை மூலையிலும் வெட்டுத்துணி குவிந்திருக்கிறது. இருக்கை உறையின் மிச்சம் உதவாது. நுரை ஒட்டிய அந்தத் துணியில் கையூசி லேசில் இறங்காது. ஆனால் நைந்த யூனிஃபார்ம் உதவும். நீலமும் சாம்பலும் கலந்த அந்தச் சட்டைகளைப் பார்க்கும்போதெல்லாம் மிசௌரி பெட்வேயின் போர்வை எனக்கு ஞாபகம் வரும்.

ஆகவே சிப்காட் அதிகாரிகளுக்கும் விடுதி நடத்தும் நிறுவனங்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு அடுக்ககத்திலும் ஓர் அறையைக் காலியாக விடுங்கள். தரையில் பாய், நல்ல வெளிச்சம், கத்தரிக்கோல், ஊசி, நூல்கண்டு, ஒரு மூட்டை பருத்தித் துண்டு. எல்லா ஷிஃப்ட்டுக்கும் திறந்திருக்கட்டும். பயிற்சியாளர், மாதிரி வடிவம், சான்றிதழ், போட்டி எதுவும் வேண்டாம். தைத்ததை வாங்கி விற்கிறோம் என்று முதல் சில ஆண்டுகளுக்காவது யாரும் கிளம்ப வேண்டாம். தைத்தவள் அதை ஊருக்கு எடுத்துப்போகட்டும், தோழிக்குக் கொடுக்கட்டும், போர்த்திக்கொண்டு தூங்கட்டும். விருப்பம் இல்லாதவர்கள் அந்த அறைப் பக்கமே வராமல் இருக்கட்டும்.

வாசகர்களுக்கும் ஒன்று. உங்கள் வீட்டுப் பரணிலோ ஊர்ப்பெட்டியிலோ பாட்டி, அத்தை, பெரியம்மா யாராவது தைத்த பழஞ்சேலை விரிப்பு இருந்தால் பாத்திரக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். தைத்தவர் யார், எந்த ஊர், எந்தெந்தச் சேலை, எந்த வருடம் என்று தெரிந்தவரை ஒரு தாளில் எழுதி, அதோடு சேர்த்து மடித்து வையுங்கள். சொல்லத் தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள்; இந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது கேட்டுவிடுங்கள்.